மதுரைக்கு நான்கு மணி நேரம் போதும்: விமானத் தடங்களைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூருக்கும் தென்தமிழகத்துக்கும் இடையே விமானம் இயக்கும் நிறுவனங்களில் தடங்களையும் கால அட்டவணைகளையும் முடிவுசெய்யும் பொறுப்பாளர்களுக்கு,

என் தாயார் மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வருவதற்காக உங்களில் ஒரு நிறுவனத்திடம் நேரடி விமானத்தில் பயணச்சீட்டு வாங்கியிருந்தேன். புறப்படும் நாள் நெருங்கிவந்த நேரத்தில், அந்த விமானத்தை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. மாற்றாக ஒதுக்கப்பட்டிருந்த பயணம் இதுதான்: எழுபது வயதைக் கடந்தவரும், முழங்கால் வலியால் சக்கர நாற்காலி இல்லாமல் விமான நிலையத்துக்குள் நடமாட முடியாதவருமான அவர், காலையில் மதுரையில் ஏறி, சென்னையில் இறங்கி, பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்து, இரவு வேறொரு விமானத்தில் ஏறி, மறுநாள் விடியற்காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வந்துசேர வேண்டும். நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் பயணத்துக்கு, அந்த மின்னஞ்சலிலேயே மொத்தப் பயண நேரம் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் என்று குறித்திருந்தார்கள்.

அதே நாளில் அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று திருச்சியிலிருந்து நேரே சிங்கப்பூருக்கு வருவதை நானே தேடிக் கண்டுபிடித்து, அதில் இடம் மாற்றித் தரும்படி கேட்டேன். திருச்சி வேறு நகரம், ஆகவே மாற்ற இயலாது, விருப்பமானால் பழைய சீட்டை ரத்துசெய்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். புதிய சீட்டின் விலை, எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவிருந்த தொகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாயாரை அலைக்கழிக்க மனம் வராமல் வாங்கினேன். வாங்கியதோடு பேசாமல் இருந்துவிட முடியவில்லை.

இது ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த சங்கடம் மட்டும் என்றால் உங்கள் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு புகார் எழுதிவிட்டு விட்டிருப்பேன். நான் இங்கே கட்டுமான நிறுவனம் ஒன்றில் ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரியும் எங்கள் ஊழியர்களில் பலர் இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, விருதுநகர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் விடுப்பில் ஊருக்குப் போகும்போதும், ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போதும், வீட்டில் சாவோ நோயோ என்று செய்தி வரும்போதும் சீட்டு எடுத்துக் கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் அட்டவணையில் ஒரு வரியை நீக்கும்போது அது எந்தெந்த வீட்டு வாசலில் போய் முடிகிறது என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் தொலைவைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் மதுரை தூரம், சென்னை பக்கம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. சாலையில் அது உண்மை. சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து வானில் வருகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சாங்கியிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,920 கிலோமீட்டர். திருச்சிக்குச் சுமார் 2,980. மதுரைக்கு 3,010 அளவில். தமிழகத்தின் கிழக்குக் கரை வடக்கு தெற்காக நீண்டு கிடக்க, சிங்கப்பூர் அதற்கு நேர் கிழக்கிலிருந்து சற்றே தெற்குத் தள்ளி அமைந்திருக்கிறது. சென்னை வடக்கே விலகியிருக்கிறது. மதுரை மேற்கே உள்வாங்கியிருக்கிறது. இரண்டு விலகல்களும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், சென்னைக்கும் மதுரைக்கும் வான்வழியில் உள்ள வேறுபாடு நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. நீங்கள் இந்தத் தடத்தில் பயன்படுத்தும், இருக்கைகளுக்கு நடுவே ஒரே நடைபாதை கொண்ட விமானங்கள் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறப்பவை. அந்த வேகத்தில் இந்த வேறுபாடு ஏழு நிமிடம்கூட ஆகாது.

ஏழு நிமிட வேறுபாடுள்ள இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு நான்கு மணி நேரத்திலும் மற்றொன்றுக்குப் பதினெட்டு மணி நேரத்திலும் போக நேர்கிறது என்றால், அந்தப் பதினான்கு மணி நேரத்தை உண்டாக்கியது கடலும் அல்ல, காற்றும் அல்ல. ஓர் அலுவலகத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து எடுக்கப்பட்ட முடிவு அதை உண்டாக்கியது. மனிதர் எடுத்த முடிவை மனிதர் மாற்ற முடியும் என்ற நம்பிக்கையில்தான் உங்களிடம் பேசுகிறேன்.

அடுத்து, அந்த நேரத்தை நீங்கள் காட்டும் விதம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. 1982 ஜனவரி 1 முதல் இந்தக் கணக்குத்தான். பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சாகின்றன. சிங்கப்பூரில் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மதுரையில் இரவு எட்டு மணிக்குச் சேரும் இணைப்பு விமானச் சீட்டைப் பார்ப்பவர் பதினொரு மணி நேரம் என்று எண்ணிக்கொள்கிறார். உடல் உணர்வது பதின்மூன்றரை மணி நேரம். உங்கள் இணையத்தளங்களில் மொத்த நேரம் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஊழியர்களில் பெரும்பாலோர் சிராங்கூன் சாலையில் உள்ள பயண முகவரிடமோ, கைத்தொலைபேசியில் விலை குறைந்த சீட்டை முதலில் காட்டும் செயலியிலோதான் வாங்குகிறார்கள். அங்கே கண்ணில் படுவது விலையும் இரண்டு கடிகார நேரங்களுமே. பறக்கும் நேரம் இவ்வளவு, தரையில் காத்திருக்கும் நேரம் இவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கு உங்களுக்குச் செலவு ஏதும் இல்லை. அதைச் சொன்னால் பலர் வேறு சீட்டைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பதை என்னால் உறுதியாகக் கூற முடியும்.

இணைப்பு விமானம் என்று இரண்டு சொற்களில் முடிந்துவிடும் ஏற்பாடு, பயணிக்கு என்னவாக இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தியாவுக்குள் முதலில் தரையிறங்கும் நகரத்திலேயே குடிநுழைவுச் சோதனையையும் சுங்கச் சோதனையையும் முடிக்க வேண்டும். மதுரை வரை ஒரே சீட்டாக எடுத்திருந்தாலும், சென்னையில் பெட்டிகளைச் சுழல்பட்டையிலிருந்து இறக்கி, சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் ஒப்படைத்து, உள்நாட்டு முனையத்துக்குச் சென்று, மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். அங்கே பன்னாட்டு முனையமும் உள்நாட்டு முனையமும் தனித்தனிக் கட்டடங்கள். இரண்டு தனிச் சீட்டுகளாக எடுத்தவர் பாடு இன்னும் கடினம்: பன்னாட்டு விமானத்தில் அனுமதிக்கப்பட்ட எடையோடு வருபவருக்கு உள்நாட்டு விமானத்தில் பொதுவாகப் பதினைந்து கிலோதான். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் ஒருவர் பிள்ளைகளுக்கு வாங்கிய பொருள்களை, முன்பின் அறியாத விமான நிலையத்தில் தரையில் பிரித்து வைத்துக்கொண்டு எதை விட்டுச் செல்வது என்று விழிக்கும் நிலை அங்கேதான் வருகிறது. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலோ, தனிச் சீட்டுக்காரருக்கு யாரும் பொறுப்பில்லை. இவற்றையெல்லாம் கணக்கிட்டுத்தான் சென்னையில் இறங்குவோர் பலர் இணைப்பு விமானத்தையே விட்டுவிட்டு எழும்பூருக்குப் போய் இரவு ரயிலில் மதுரைக்குப் போகிறார்கள். நான்கு மணி நேரம் வானில் வந்தவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ரயிலில் போகிறார்கள்.

எங்கள் ஊழியர் ஒருவர், இளையான்குடிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர், தம் தந்தை இறந்த செய்தியோடு ஒருநாள் காலையில் அலுவலகத்துக்கு வந்தார். மதுரைக்கு நேரடி விமானம் இல்லை. திருச்சி விமானத்தில் அன்றைக்கு ஓர் இடம்கூட மிச்சம் இல்லை. மாலை விமானத்தில் சென்னைக்குப் போய், இரவை விமான நிலையத்தில் கழித்து, மறுநாள் காலை முதல் விமானத்தில் மதுரைக்குப் போகும்படி சீட்டு எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காலை விமானம் தாமதமானது. ஊரில் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தவர்கள், முற்பகலுக்கு மேல் காத்திருக்க முடியாமல் எடுத்துவிட்டார்கள். மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தார். எங்கள் ஊழியர் வீடு சேர்ந்தபோது மயானத்திலிருந்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள். மதுரைக்கு நேரடி விமானம் ஓடிக்கொண்டிருந்த நாள்களில், இதேபோன்ற செய்தி வந்த அதே இரவில் ஊர் போய்ச் சேர்ந்தவர்களை இதே கையால் அனுப்பிவைத்திருக்கிறேன். அந்த ஊழியர் என்னைக் குறை சொல்லவில்லை, உங்களையும் குறை சொல்லவில்லை. தம் விதி என்றார். அதை விதி என்று ஏற்க எனக்கு மனமில்லை. தந்தைக்குக் கொள்ளி வைக்க முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு கால அட்டவணை என்பது எனக்குத் தெரியும்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழிகளை நான் அறியாதவள் அல்ல. இருக்கைகள் ஆண்டு முழுவதும் நிறைவதில்லை என்பீர்கள். பொங்கல், தீபாவளி, ஜூன் மற்றும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக் காலங்களில் கூட்டம் அலைமோதுவதும், இடையில் குறைவதும் உண்மையே. அதனால்தான் நாள்தோறும் விமானம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆயினும் ஒரு தடம் நிலைபெற வேண்டுமானால் அது அடுத்த பருவத்திலும் இருக்கும் என்று மக்கள் நம்ப வேண்டும். ஓர் அட்டவணையில் தோன்றி அடுத்ததில் மறையும் விமானத்தை நம்பி யாரும் திருமணத்துக்கு நாள் குறிக்க மாட்டார்கள். பின்னர் அந்தத் தடத்தில் ஆள் இல்லை என்று நீங்களே எழுதிக்கொள்வீர்கள். உலகெங்கும் விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இரு பருவங்களாக, மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் மாறுகின்றன என்பதும், அவற்றுக்கான திட்டமிடல் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதும் நீங்கள் நன்கு அறிந்தவை. அப்படியிருக்க, இயக்குவோமா என்று உங்களுக்கே உறுதியில்லாத விமானத்துக்கு மாதக்கணக்கில் சீட்டு விற்றுவிட்டுக் கடைசியில் கைவிடுவதை வணிக நெருக்கடி என்று ஏற்க இயலவில்லை.

திருச்சி பக்கத்தில்தானே இருக்கிறது என்பது இரண்டாவது மறுமொழி. திருச்சியின் வளர்ச்சி எங்களுக்கும் மகிழ்ச்சி. 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம் அந்த நிலையத்துக்கு வெகு நாளாக வேண்டியிருந்தது. புதுக்கோட்டைக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் அதுவே சிறந்த வாசல். இராமேசுவரத்துக்கும் சாயல்குடிக்கும் தேனிக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே சாலையில் ஏறத்தாழ 135 கிலோமீட்டர் இருக்கிறது. திருநெல்வேலிக்குப் போகிறவர் மதுரையையும் தாண்டி இன்னும் 160 கிலோமீட்டர் போக வேண்டும். நள்ளிரவில் இறங்கி, வாடகை வண்டி பிடித்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஓட்டுநரோடு அந்த நான்குவழிச் சாலையில் போவது எந்த வயதானவருக்கும் குழந்தைக்கும் உகந்ததல்ல. மேலும், திருச்சி போதும் என்று நீங்கள் உண்மையாகவே கருதினால், என் தாயாரின் சீட்டைத் திருச்சிக்கு மாற்ற மறுத்தது ஏன்? பயணிக்குத் தேவைப்படும்போது திருச்சி வேறு ஊராகவும், தடத்தை நீக்கும்போது பக்கத்து ஊராகவும் இருக்க முடியாது.

மூன்றாவதாக, அரசுகளுக்கிடையேயான ஒப்பந்தங்களைச் சுட்டிக்காட்டுவீர்கள். ஒரு நாட்டின் விமான நிறுவனம் மற்றொரு நாட்டின் எந்தெந்த நகரங்களில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் விற்கலாம் என்பதை அந்த ஒப்பந்தங்கள் வரையறுக்கின்றன. பட்டியலில் இல்லாத நகரத்துக்கு அயல்நாட்டு நிறுவனம் பறக்க இயலாது. மதுரையை அத்தகைய பட்டியல்களில் சேர்க்க வேண்டும் என்று தென்மாவட்ட வணிக அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறார்கள். மதுரையில் புதிய முனையம் 2010இல் திறக்கப்பட்டது; 2012இல் கொழும்புக்கு முதல் பன்னாட்டு விமானம் புறப்பட்டது. அங்குள்ள 7,500 அடி ஓடுபாதையில் நீங்கள் இந்தத் தடத்துக்குப் பயன்படுத்தும் வகை விமானங்கள் நாள்தோறும் இறங்கி ஏறுகின்றன. ஒப்பந்தம் தடையென்றால், அதை நீக்கும்படி அரசுகளிடம் கேட்கும் வலிமை எங்களைவிட உங்களுக்கே அதிகம். அந்தக் குரல் உங்களிடமிருந்து உரக்க எழுந்ததாக நாங்கள் கேட்டதில்லை.

இங்கே பழைய செய்தி ஒன்றை நினைவுபடுத்துவது பொருத்தமாக இருக்கும். எங்கள் முன்னோர் கப்பலில் வந்தவர்கள். ரஜூலாவும் அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரமும் சென்னையிலிருந்து புறப்பட்டாலும், நாகப்பட்டினத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. தஞ்சைச் சீமையிலிருந்தும் அதற்குத் தெற்கிலிருந்தும் பயணம் செய்வோர் சென்னை வரை போய் அலைய வேண்டியதில்லை என்பதைக் கப்பல் நிறுவனங்கள் புரிந்துவைத்திருந்தன. ஒரு வாரக் கடற்பயணத்தில், நாகையில் நங்கூரமிடும் நேரத்தை அவர்கள் வீண் என்று கருதவில்லை. 1985இல் சிதம்பரம் தீவிபத்துக்கு உள்ளானபின் அந்தக் கடல்வழியே நின்றுபோனது. அதன்பின் எங்களுக்கு இருப்பது நீங்கள் மட்டுமே. ரயிலோ பேருந்தோ கடல் தாண்டி வராது.

ஆகவே என் கோரிக்கைகளை வெளிப்படையாக முன்வைக்கிறேன்.

சிங்கப்பூர்–மதுரை நேரடி விமானத்தை, வாரத்துக்குச் சில நாள்களாவது, இரு பருவ அட்டவணைகளிலும் தொடர்ந்து இயக்குங்கள். ஓர் ஆண்டுக்கேனும் அதை நீக்க மாட்டோம் என்று அறிவியுங்கள். அந்த உறுதி இருந்தால் இங்குள்ள முதலாளிகளும் முகவர்களும் குடும்பங்களும் தங்கள் பயணங்களை அந்த நாள்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வார்கள். என் நிறுவனத்தில் அதற்கு நானே பொறுப்பேற்பேன். புறப்படும் நேரத்தை முடிவுசெய்யும்போது, மதுரையிலிருந்து இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் சாலையில் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

நேரடி விமானத்தை ரத்துசெய்ய நேர்ந்தால், மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், சென்னை ஆகிய நான்கு நகரங்களில் எதற்கு வேண்டுமானாலும், உங்கள் நேரடி விமானத்தில் கூடுதல் கட்டணமின்றி மாறிக்கொள்ளும் உரிமையைப் பயணிக்குக் கொடுங்கள். விமானம் ரத்தாகும்போது தரப்படும் மாற்று ஏற்பாடோ பணமோ பயணிக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து விதிகளிலேயே உள்ளது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவுசெய்தவர்களுக்கும், தொலைபேசியில் அழைத்துப் பேசி ஒப்புதல் பெறாமல் இணைப்பு விமானத்தை ஒதுக்காதீர்கள். இறப்புச் செய்தியோடு வருபவர்களுக்காக ஒவ்வொரு நேரடி விமானத்திலும் ஓரிரு இருக்கைகளைப் புறப்படும் நாள் வரை விற்காமல் வைத்திருங்கள். உரிய சான்றைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், வழக்கமான கட்டணத்தையே வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தச் சீட்டை விற்றாலும், பறக்கும் நேரத்தையும் தரையில் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியே, தமிழிலும், விலைக்கு அருகிலேயே காட்டுங்கள். முகவர்கள் அச்சிட்டுக் கொடுக்கும் சீட்டிலும் அது இருக்க வேண்டும்.

இரு நாட்டு வான்போக்குவரத்து அதிகாரிகளும் இந்த மடலைப் படிப்பார்கள் என்று எண்ணுகிறேன். ஒப்பந்தப் பட்டியல்களை அடுத்த முறை பேசும்போது மதுரையை அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும் என்று அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். விமான நிறுவனங்களும் அதையே எழுத்தில் அவர்களிடம் கேட்க வேண்டும்; கேட்டீர்கள் என்பதை எங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

வரும் பருவ அட்டவணையை நீங்கள் இறுதிசெய்வதற்கு முன், மேற்கண்டவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்பதற்குப் பொதுவெளியில் பதில் தாருங்கள். பயணிகளோடு நேரில் பேச நீங்கள் முன்வந்தால், இங்கே லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதற்கு ஏற்பாடு செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன். இராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து இங்கே உழைப்பவர்கள் தங்கள் சீட்டுகளோடு அங்கே வருவார்கள்.

இங்ஙனம்,
மதுரைத் தடத்தின் பயணி ஒருத்தி,
ஈசூன், சிங்கப்பூர்